ஒரு எரர் கோடு சேர்க்க 34 நிமிஷம்: மாட்யூலை எந்த இடத்துல வெட்டுறது?

அத்திப்பள்ளி_தாண்டி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில வேலை. அபார்ட்மென்ட்ல வீட்டுக்கு வீடு தண்ணி மீட்டர் மாட்டுற சின்ன கம்பெனி. அந்த மீட்டர் எல்லாம் அனுப்புற ரீடிங்கை வாங்கி, சேர்த்து, சர்வருக்கு அனுப்புற கேட்வே பெட்டி ஒண்ணு கீழ பம்ப் ரூம்ல இருக்கும். அதோட சாஃப்ட்வேர் எங்க டீம் பொறுப்பு. ஆர்ம் போர்டு, லினக்ஸ், முழுக்க சி பிளஸ் பிளஸ். மூணு பேர் ஆரம்பிச்சது, இப்ப பதினோரு பேர். 640 சிபிபி ஃபைல் (சோர்ஸ் கோடு), 14 ஃபோல்டர், ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரி, அதாவது கம்பைலான ஃபைல்களோட ஒரு கட்டு. பில்டு எல்லாம் கையால எழுதின மேக்ஃபைல், அதாவது எதை எப்படி கம்பைல் பண்ணணும்னு மேக்ங்கிற டூலுக்குச் சொல்ற ஃபைல்.

எங்ககிட்ட காமன் டாட் ஹெச்னு ஒரு ஹெட்டர் இருக்கு, அதாவது மத்த ஃபைல் எல்லாம் இன்க்ளூட் பண்ணி உள்ள இழுத்துக்கிற பொது ஃபைல். எரர் கோடு, லாக் மாக்ரோ, மீட்டர் ஸ்ட்ரக்ட் (ஒரு ரீடிங்கோட புலங்களை வரிசையா அடுக்கின அமைப்பு), நேரத்தை மாத்துற ஃபங்ஷன், ஜேசான் (சர்வருக்கு டேட்டா அனுப்புற டெக்ஸ்ட் வடிவம்) லைப்ரரி, எல்லாம் அதுக்குள்ள. எந்த ஃபைலைத் திறந்தாலும் முதல் வரி அதுதான். போன செவ்வாய்க்கிழமை "வால்வு திறக்கவில்லை"ன்னு ஒரே ஒரு எரர் கோடு சேர்த்தேன். பில்டு முடிய 34 நிமிஷம். கேன்டீன் போய் பைடூ காபி குடிச்சுட்டு, திரும்பி வந்து, இன்னும் பாதிகூட ஓடலை. ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை இப்படி.

டீம்ல யாரும் மேக் கிளீன், அதாவது பழைய பில்டை எல்லாம் அழிக்கிற கட்டளை, போடாம பில்டு பண்றதே இல்லை. அதுக்கும் ஒரு கதை இருக்கு. 2024 மார்ச்ல, பெங்களூருல தண்ணிக்கு எல்லாரும் அல்லாடின சமயம், சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல இருந்து அசோசியேஷன்காரர் போன் பண்ணினார். ஒரு வீட்டு மீட்டர் 171,04,95,000 லிட்டர் காட்டுது. எல்லா வீட்டுக்கும் கிட்டத்தட்ட அதே எண், கடைசி ரெண்டு மூணு இலக்கம்தான் மாறுது. டேங்கர் தண்ணியை வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டுப் பங்கு பிரிச்சுக்கிட்டிருந்த ஜனங்க அவங்க. அவர் குரல் இன்னும் காதுல இருக்கு. நாங்க கிளீன் போட்டு திரும்ப பில்டு பண்ணி அனுப்பினோம், சரியாயிடுச்சு. ஏன் வந்துச்சு, ஏன் போச்சுன்னு இன்னைக்கு வரை யாருக்கும் தெரியாது. அன்னையில இருந்து கிளீன் போடாம எவனும் கை வைக்கிறதில்லை.

இப்ப மேனேஜர் 14 ஃபோல்டரையும் 14 தனித்தனி ரெப்போவா (கிட்ல தனித்தனி கோடு களஞ்சியமா) பிரிச்சுடலாம்கிறார். கூட வேலை பார்க்கிறவர் சி பிளஸ் பிளஸ் 20 மாட்யூலுக்கு (ஹெட்டரை ஒட்டுறதுக்குப் பதிலா இம்போர்ட் பண்ற முறைக்கு) போயிடலாம்கிறார். எனக்கு ரெண்டுலயும் மனசு ஒட்டலை. இன்னொரு சிக்கல்: லாகர் லைப்ரரி கான்ஃபிகைக் கேக்குது, கான்ஃபிக் லாகரைக் கேக்குது. கம்பைலான துண்டுகளைச் சேர்த்து ஒரே புரோகிராமா லிங்க் பண்ற வரியில ரெண்டு பேரையும் ரெண்டு தடவை எழுதி வெச்சிருக்கோம். ஒண்ணை எடுத்தா லிங்க் ஆகாது. எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்?

---

நிஞ்ஜா_தம்பி:

அண்ணா, நாளைக்கே செய்யக்கூடியது மட்டும் சொல்றேன். சிகேஷ் போடுங்க. ஒரே இன்புட், ஒரே ஆப்ஷன்னா பழைய ஆப்ஜெக்ட் ஃபைலை எடுத்துக் கொடுத்துடும். கிளீன் போட்டாலும் மாறாத ஃபைலுக்கு நேரம் போகாது. மேக்ஃபைலை சிமேக்குக்கு (பில்டு ஃபைலைத் தானே எழுதித் தர்ற டூல்) மாத்தி, நிஞ்ஜாவுல (மேக்குக்குப் பதிலான வேகமான டூல்) ஓட்டுங்க. லிங்கருக்கு எல்எல்டி இல்லைன்னா மோல்டு. எங்க ஆபீஸ் பெல்லந்தூர்ல, லிங்க் மட்டுமே ஒன்றரை நிமிஷம் ஆகிக்கிட்டிருந்தது, மோல்டு போட்டதும் சில விநாடிக்கு வந்துடுச்சு.

ஆனா ஒண்ணு, காமன் டாட் ஹெச்சைத் தொட்டா சிகேஷும் கைவிரிச்சுடும். உள்ள வர்ற டெக்ஸ்ட் மாறிட்டா அதுக்கு எல்லாமே புது ஃபைல்தான். அதுக்கு நம்ம அல்சூர் அக்கா வந்து சொன்னாத்தான் உண்டு.

---

அல்சூர்_ஏரிக்கரை:

தம்பி, பில்டு நேரம் இருக்கட்டும். அந்த 171,04,95,000-ஐ முதலில் பார்.

அது லிட்டர் இல்லை, நேரம். 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய விநாடிகள். நம் நேரத்துக்கு மாற்றினால் 2024 மார்ச் 15, மதியம் சரியாக 3 மணி. எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண், கடைசி இலக்கங்கள் மட்டும் மாறின என்று நீயே எழுதியிருக்கிறாய். மீட்டர்கள் சில விநாடி முன்னே பின்னே ரீடிங் அனுப்பியிருக்கின்றன, அவ்வளவுதான்.

உங்கள் ஸ்ட்ரக்ட்டில் மீட்டர் நம்பர், லிட்டர், நேரம் என்று வரிசையாக நாலு நாலு பைட் இருந்திருக்கும். அந்த வாரம் யாரோ நம்பருக்கும் லிட்டருக்கும் நடுவே இன்னொரு நாலு பைட்டைச் செருகியிருக்க வேண்டும். ரீடிங்கைப் பிரித்து ஸ்ட்ரக்ட்டை நிரப்பும் லைப்ரரி மறுபடி கம்பைல் ஆகவில்லை. அது பழைய கணக்குப்படி லிட்டரை 4-ஆவது பைட்டிலும் நேரத்தை 8-ஆவது பைட்டிலும் எழுதியது. புதிதாகக் கம்பைலான அப்ளிகேஷன் லிட்டரை 8-இல் தேடியது. அங்கே இருந்தது நேரம். லிங்கர் இதைத் தடுக்காது. பெயர் பொருந்துகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், ஸ்ட்ரக்ட்டின் உள்ளே என்ன வரிசை என்பது அதற்குத் தெரியவே தெரியாது. கிட் லாகில், அதாவது கோடு மாற்றங்களின் பதிவில், அந்த வாரத்தை எடுத்துப் பார்த்துச் சொல்.

ஏன் மறுபடி கம்பைல் ஆகவில்லை? உங்கள் மேக்ஃபைலுக்கு எந்தச் சிபிபி எந்த ஹெட்டரை நம்பியிருக்கிறது என்பது தெரியாது. சிபிபி மாறினால்தான் அது அசையும். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியதே ஏறக்குறைய இதே நோவுக்குத்தான். கூட வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன், ஏற்கனவே சரிசெய்துவிட்ட பிழையை ஒரு காலை முழுக்கத் தேடியிருக்கிறார். திருத்திய ஃபைல் கம்பைலே ஆகாமல் கிடந்தது. நீங்கள் மேக்கை வைத்துக்கொண்டே மேக்குக்கு முந்தைய நிலையில் இருக்கிறீர்கள். கம்பைலருக்கு எம்எம்டி ஆப்ஷன் கொடுத்தால் ஒவ்வொரு சிபிபி-க்கும் அது இழுத்த ஹெட்டர் பட்டியலை ஒரு டி ஃபைலாக எழுதிவைக்கும். அதை மேக்ஃபைலில் இன்க்ளூட் பண்ணினால் போதும், இரண்டு மூன்று வரி வேலை. சிமேக்குக்கு மாறினால் அதுவே பார்த்துக்கொள்ளும். இதைச் செய்த பிறகு கிளீன் போடுவதை நிறுத்துங்கள். ஃபைல்களுக்கு நடுவே யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று பில்டுக்கே தெரியாதபோது, நீ எங்கே வெட்டினாலும் அது குருட்டு வெட்டு.

அப்போதும் காமன் டாட் ஹெச்சைத் தொட்டால் 640 ஃபைலும் கம்பைல் ஆகும். ஆனால் இந்த முறை அது நியாயமான காரணத்தோடு ஆகும், நீ அந்தக் காரணத்தை எண்ணிப் பார்க்கலாம். இன்க்ளூட் என்பது அப்படியே எடுத்து ஒட்டுவதுதான். 2007-இல் கூகுளில் ஒரு பெரிய பைனரியை அளந்தார்கள். சுமார் 2,000 ஃபைல், எல்லாம் சேர்த்து 4.2 மெகாபைட். இன்க்ளூட் எல்லாம் விரிந்த பிறகு கம்பைலருக்குப் போனது 8 கிகாபைட்டுக்கு மேல். எழுதிய ஒவ்வொரு பைட்டும் இரண்டாயிரமாகப் பெருகியது. கோ மொழி பிறக்க அதுவும் ஒரு காரணம். ஜிசிசி கம்பைலருக்குப் பெரிய ஹெச் ஆப்ஷன் கொடுத்து ஒரே ஒரு ஃபைலைக் கம்பைல் பண்ணு. எந்த ஹெட்டர் எதை இழுக்கிறது என்று மரம் மாதிரி அச்சாகும். ஒரு தடவை முழுசாகப் படி. படிக்கும்போதே கை துறுதுறுக்கும்.

உன் தொழிலிலேயே சொல்கிறேன். ஒரு வீட்டில் குழாய் கசிகிறது, அதைச் சரிசெய்ய பில்டிங் முழுவதற்கும் மெயின் வால்வை மூடுகிறார்கள். ஏன்? வீட்டுக்கு வீடு வால்வு வைக்கவில்லை. காமன் டாட் ஹெச் உங்கள் மெயின் வால்வு.

எங்கே வெட்டுவது என்றால், ஒன்றாக மாறுகிறவை ஒன்றாக இருக்கட்டும். 1972-இல் கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: வேலை நடக்கும் வரிசைப்படி மாட்யூல் பிரிக்காதே, நாளை மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்துவை. உங்கள் மீட்டர் புரோட்டோகால் மாறினால் ரீடிங் பிரிக்கும் லைப்ரரி மட்டும் அசைய வேண்டும். எரர் கோடுகளை ஒரே எனமில், அதாவது பெயர் வைத்த எண்களின் ஒரே பட்டியலில், கொட்டிவைத்திருப்பீர்கள். வால்வின் எரர் வால்வு ஃபோல்டருக்குப் போகட்டும், மீட்டரின் எரர் மீட்டருக்கு. எனமுக்கு அடிப்படை டைப்பைக் கொடுத்துவிட்டால், சி பிளஸ் பிளஸ் 11-லிருந்து உள்ளே என்ன மதிப்புகள் என்று சொல்லாமல் பெயரை மட்டும் முன்னறிவிக்கலாம். பெரும்பாலான ஹெட்டருக்கு அந்தப் பெயர் மட்டும் போதும். புதுக் கோடு சேர்க்கும்போது அதை உண்மையில் பயன்படுத்தும் நாலு ஃபைல்தான் கம்பைல் ஆகும்.

லாகரும் கான்ஃபிகும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருப்பதற்கு மருந்து எளிது. லாகருக்குக் கான்ஃபிக் எதற்கு? எந்த அளவுக்கு எழுத வேண்டும், எந்த ஃபைலில் எழுத வேண்டும், இரண்டே விஷயம். மெயின் கான்ஃபிகைப் படித்து, அந்த இரண்டையும் லாகருக்குக் கையில் கொடுக்கட்டும். லாகர் யாரையும் கேட்காது. லிங்க் வரியில் இரண்டு தடவை எழுத வேண்டியது ஏன் என்று சொல்லவில்லையே: ஜிஎன்யு லிங்கர் ஸ்டாட்டிக் லைப்ரரிகளை இடமிருந்து வலமாக ஒரே தடவை பார்த்துவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. அந்த இரட்டை வரி, சுற்று இருக்கிறது என்பதற்குச் சாட்சி. எல்எல்டி-க்கு மாறினால் அந்த வரிசைக் கவலை பெரும்பாலும் போய்விடும். ஆனால் சுற்று அப்படியே இருக்கும், உங்கள் கண்ணில் படாது. அதனால் முதலில் சுற்றை அவிழ், பிறகு லிங்கரை மாற்று.

சி பிளஸ் பிளஸ் 20 மாட்யூல் நல்ல வழிதான், எனக்குப் பிடிக்கும். ஆனால் சிமேக் அதைச் சோதனை நிலையிலிருந்து எடுத்து முழுசாக ஏற்றதே 3.28-இல், 2023 டிசம்பரில். போர்டு கொடுத்தவர் தந்த பழைய ஜிசிசி-யை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இப்போது போகாதே. மாட்யூல்கள் ஒன்றையொன்று சுற்றி இம்போர்ட் பண்ணவும் முடியாது. எப்படியும் சுற்றை அவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

14 ரெப்போ வேண்டாம் என்று உன் மேனேஜரிடம் உறுதியாகச் சொல். மீட்டர் ஸ்ட்ரக்ட்டில் ஒரு புலம் சேர்க்க மூன்று ரெப்போவில் மூன்று மெர்ஜ், நடுவில் ஒன்று பழைய வெர்ஷனில் நின்றுபோகும். மார்ச் 15 மறுபடியும் வரும், இந்த முறை கிளீன் போட்டாலும் போகாது. ஒரே ரெப்போவில் ஃபோல்டருக்கு ஃபோல்டர் வெளியே காட்டும் ஹெட்டருக்கு ஒரு டைரக்டரி, உள்ளே வைத்துக்கொள்வதற்கு ஒரு டைரக்டரி என்று பிரி. இன்க்ளூட் பாதையில் வெளி டைரக்டரி மட்டும் இருக்கட்டும். தப்பான ஹெட்டரை இழுத்தால் கம்பைலே ஆகக்கூடாது. ரிவ்யூவில் ஒருத்தரை ஒருத்தர் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

நாள் ஆகும், மனம் தளராதே. லினக்ஸ் கர்னலில் இங்கோ மோல்னார் ஹெட்டர்களைப் பிரிக்க 2020 கடைசியில் உட்கார்ந்தபோது ஐம்பதிலிருந்து நூறு பேட்ச் ஆகும் என்று நினைத்தார். 2022 ஜனவரியில் வெளியிட்டபோது 2,200-க்கு மேல்.

---

வைட்ஃபீல்டு_27:

நாங்க ரஸ்ட் மொழியில எழுதுறோம், அதனால ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். ரஸ்ட்ல கம்பைல் ஆகுற அலகு கிரேட். ஒரு கிரேட் இன்னொண்ணைச் சுத்தி வந்து நம்ப முடியாது, ரஸ்டோட பில்டு டூல் கார்கோ அங்கேயே நிறுத்திடும். ஆனா ஒரே கிரேட்டுக்குள்ள இருக்கிற மாட்யூல்கள் எப்படி வேணாலும் பின்னிக்கலாம். ரெண்டு வருஷம் ஒரே கிரேட்ல எழுதிட்டு, பிரிக்கப் போனப்பதான் எங்களுக்கு எவ்வளவு சுத்து இருந்ததுன்னு தெரிஞ்சது. அதைப் பிரிச்சு முடிக்க நாலு மாசம்.

பிரிச்ச பிறகு யூட்டில்ஸ்னு ஒரு கிரேட் வந்துச்சு. ஆறு மாசத்துல அது உங்க காமன் டாட் ஹெச் ஆயிடுச்சு. இப்ப எங்க டீம்ல அந்தப் பேர்ல எதுவும் உருவாக்கக் கூடாதுன்னு விதி. பேர் வைக்க முடியலைன்னா அது எங்க சேரணும்னு இன்னும் யோசிக்கலைன்னுதான் அர்த்தம்.

---

அத்திப்பள்ளி_தாண்டி (மூணு வாரம் கழிச்சு):

அக்கா, நீங்க சொன்னது வரி வரியா சரி. கிட் லாக் பார்த்தேன். 2024 மார்ச் 11-ஆம் தேதி ஸ்ட்ரக்ட்டுக்கு நடுவுல வால்வு நிலைன்னு நாலு பைட் சேர்ந்திருக்கு. 14-ஆம் தேதி ராத்திரி ஒருத்தரோட லேப்டாப்ல இருந்து ரிலீஸ் போயிருக்கு, கிளீன் இல்லாம. அந்தப் பில்டிங்ல வால்வே கிடையாது, அதனால அந்த இடத்துல என்ன எண் வந்துச்சுன்னு யாரும் பார்க்கலை. பார்த்திருந்தா உண்மையான லிட்டர் அங்கதான் இருந்திருக்கும். டீம் மொத்தத்தையும் கூப்பிட்டு வொயிட்போர்டுல அந்த பைட்டை வரிசையா எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாருமே பேசலை. அன்னைக்கு அந்த அசோசியேஷன்காரருக்கு போன் பண்ணி, ஏன் அப்படி ஆச்சுன்னு இப்பதான் தெரிஞ்சதுன்னு சொன்னேன். நன்றின்னார்.

எம்எம்டி முதல் நாளே போட்டாச்சு. அப்புறம் பெரிய ஹெச் ஆப்ஷன். எங்க பம்ப் கன்ட்ரோல் ஃபைல் 90 வரி. அது இழுத்த ஹெட்டர் பட்டியல் 412. அதுல பெரும்பங்கு ஜேசான். பம்புக்கும் ஜேசானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சர்வருக்கு அனுப்புற ஃபோல்டர்ல மட்டும்தான் ஜேசான் உண்மையா வேணும், அங்க ஒன்பது ஃபைல். மத்த இடத்துல இருந்து எடுத்ததும் முழு பில்டு 34-ல இருந்து 19-க்கு வந்துச்சு. எரர் கோடைப் பிரிச்சது ரெண்டாவது வாரம். நேத்து அதே மாதிரி இன்னொரு வால்வு எரர் சேர்த்தேன்: ஆறு ஃபைல், 40 விநாடி. சிகேஷும் போட்டிருக்கோம், நன்றி தம்பி.

லாகர், கான்ஃபிக் முடிச்சு அவிழ்ந்துடுச்சு. லிங்க் வரியில இப்ப ஒவ்வொரு பேரும் ஒரே தடவைதான். ரெப்போ விஷயத்துல மேனேஜர் மார்ச் 15 கதையைக் கேட்டதும் ஒத்துக்கிட்டார்.

ரெண்டு விஷயம் பாக்கி. ரிங் பஃபர்னு (சுத்திச் சுத்தி நிரப்புற வரிசை) ஒரு டெம்ப்ளேட், அதாவது எந்த டைப்புக்கும் கோடு உருவாக்கித் தர்ற அச்சு, ஹெட்டர்லயே முழுசா இருக்கு, அஞ்சு ஃபோல்டர் பயன்படுத்துது. அதை எங்க வைக்கிறது? மீட்டர் ஸ்ட்ரக்ட்டை இன்னும் தொடலை, 200 ஃபைலுக்கு மேல அதை நேரடியா உள்ள கைவிட்டுப் படிக்குது. அதைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு.

---

அல்சூர்_ஏரிக்கரை:

அசோசியேஷன்காரருக்கு நீ போன் பண்ணினாய் பார், அதைப் படித்து எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ரிங் பஃபர் அடியில் தனி ஃபோல்டராகவே இருக்கட்டும். அது எத்தனை பேருக்கு வேண்டும் என்பதை விட எத்தனை தடவை மாறுகிறது என்று பார். கிட்டில் எண்ணினால் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். மாறாததை எல்லாரும் நம்பியிருப்பதில் தீங்கில்லை. எந்த டைப்புகளுக்கு அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று தெரியும் அல்லவா? அந்த டைப்புகளுக்கு எக்ஸ்டர்ன் டெம்ப்ளேட் போட்டு, ஒரே ஒரு சிபிபி-யில் அதன் கோடை உருவாக்கிவிடு. மற்ற ஃபைல்களில் அதே கோடு திரும்பத் திரும்ப உருவாகாது.

ஸ்ட்ரக்ட்டுக்கு 200 ஃபைலையும் ஒரே நாளில் மாற்ற நினைக்காதே. இந்த வாரம் ஸ்ட்ரக்ட்டின் அளவுக்கும், லிட்டர் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பதற்கும் ஸ்டாட்டிக் அசர்ட் போடு. இனி யாராவது நடுவில் புலம் செருகினால் கம்பைலர் அங்கேயே கையைப் பிடிக்கும். பழைய ஆப்ஜெக்டை அது பிடிக்காது, அதை எம்எம்டி பார்த்துக்கொள்ளும். பிறகு லிட்டரை வாங்க ஒரு ஃபங்ஷன் எழுதி வெளி ஹெட்டரில் வை. ஸ்ட்ரக்ட்டின் உள்ளமைப்பை மீட்டர் ஃபோல்டருக்கு உள்ளே கொண்டுபோகும் நாள் வரும்வரை, யார் எந்தப் ஃபைலைத் திருத்தப் போனாலும் அந்தப் ஃபைலை மட்டும் புது ஃபங்ஷனுக்கு மாற்றிவிட்டு வரட்டும். எத்தனை பாக்கி என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோடில் தேடி எண்ணி வொயிட்போர்டின் ஓரத்தில் எழுது.

ரிலீஸை யாருடைய லேப்டாப்பிலிருந்தும் அனுப்பாதீர்கள். பில்டுக்கென்று ஒரு மெஷின் வையுங்கள். அங்கே மட்டும் எப்போதும் கிளீன் போட்டே பில்டு பண்ணுங்கள், அந்த 19 நிமிஷம் போனால் போகட்டும்.